மெத்தைகளுக்கு நடுவே பாடிய பதிகம்

ஆங்கீரச வருஷம் மாசி மாதம் பர்மாவில் உள்ள மோல்மேனிலிருந்து நாட்டரசன்கோட்டைக்கு வந்த ஒரு கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. இங்கிலீஷ் கணக்கில் அது 1933ஆம் ஆண்டின் தொடக்கம். மூலத்தை வீட்டார் அனுமதியோடு பார்த்து நானே எழுதிக்கொண்டேன். கடை நடப்பு, மழை, அரிசி வியாபாரம் என்று போகும் அந்தக் கடிதத்தில் கடைசி நான்கு வரி மட்டும் எங்கள் ஒலிப்பதிவுத் தொழிலைப் பற்றியது: 'பிளேட் உடையாமல் வந்து சேர்ந்தது. அப்பச்சிக்கு வைத்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பாடுவது யார் என்று கேட்டார்கள். நம்ம ஓதுவார் என்று சொன்னதற்கு இல்லையென்று தலையை ஆட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.'

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் மைக்கைப் பற்றியும் நாடாவைப் பற்றியும் கேட்கிறீர்கள். அவற்றில் உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. நான் கையாண்ட கருவிகளை இப்போது பழைய இரும்புக் கடையில்கூடப் பார்க்க முடிவதில்லை. ஆனால் சென்ற மாதம் உங்களில் ஒருவர், கோயிலில் பாடும் பழைய பண்களைப் பதியப் போகிறோம், முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுப் போனார். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்த நான்கு வரிக்குப் பின்னால் இருக்கும் சங்கதியைச் சொன்னால்தான் பதில் சொன்னதாகும்.

அப்போது நான் சென்னையில் ஒரு கிராமபோன் கம்பெனியில் ஒலிப்பதிவாளனாக இருந்தேன். பிறந்தது கீழச்சிவல்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். அந்தப் பக்கத்துப் பேச்சும் பழக்கமும் தெரிந்தவன் என்பதால் செட்டிநாட்டில் எந்த வேலை வந்தாலும் கம்பெனி என்னையே அனுப்பும். காரைக்குடியில் எங்களுக்கு ஒரு ஏஜெண்ட் இருந்தார். கடை வைத்துத் தட்டு விற்பவர். நாடக மேடைப் பாட்டுக்கு இந்த வாரம் எத்தனை பேர் கேட்பார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர். வசதியுள்ள வீட்டார் தங்கள் வீட்டுக்கென்று ஒரு தட்டுப் பதியச் சொன்னால் அதையும் அவர் மூலம் செய்துகொடுப்போம்.

அப்படி வந்ததுதான் நாட்டரசன்கோட்டை மீனாட்சி ஆச்சியின் உத்தரவு. அவருடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், வயது எழுபதை நெருங்கியவர். மோல்மேனில் இருந்த கடையில் மகன்களுக்குள் வந்த ஒரு பேச்சைத் தீர்த்துவைக்கக் கப்பல் ஏறினார். போன இடத்தில் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. இனி அவரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்ப முடியாது என்று அவருக்கே புரிந்தபோது, குழறிய பேச்சில் ஒன்று கேட்டார். காலையில் நம் ஊர் ஓதுவார் பாடும் பதிகத்தை ஒருமுறை கேட்க வேண்டும். மகன்கள் அதைத் தமக்கைக்கு எழுதினார்கள். ஆச்சி காரைக்குடி ஏஜெண்டுக்கு ஆள் அனுப்பினார்.

முதல் பதிவு ஆவணி மாதம், ஆச்சியின் வீட்டிலேயே நடந்தது. கோயிலுக்குள் இயந்திரத்தைக் கொண்டுவர அனுமதியில்லை. பாட்டை முதலில் பதியும் மெழுகுத் தட்டில் ஏதோ மிருகக் கொழுப்பு கலக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை, அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அந்த வீட்டை நீங்கள் மனதில் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் வானம் தெரியும் வளவு, அதைச் சுற்றிப் பர்மாத் தேக்குத் தூண்கள், கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்பு. நான் போனதும் வழக்கம்போல நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். தட்டி முடித்துக் கையை இறக்கிய பிறகும் சத்தம் சுவருக்குச் சுவர் போய்க்கொண்டிருந்தது. எதிரொலியைக் கொல்லாமல் மெழுகைத் தொடாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஜமக்காளம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். ஆச்சி சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு சீர் சாமான் அடுக்கியிருந்த அறையைத் திறந்துவிட்டார்.

"ஜமக்காளம் என்னத்துக்கு? மெத்தைக்கா பஞ்சம் இந்த வீட்டுல? எனக்கு வந்தது, என் மகளுக்கு எடுத்து வச்சிருக்கிறது, எல்லாம் அப்படியே கிடக்கு. படுக்கத்தான் ஆள் இல்லை."

தரையிலிருந்து உத்தரம் வரை இலவம்பஞ்சு மெத்தைகள். சென்னையில் எங்கள் ஸ்டூடியோவில்கூட அவ்வளவு பஞ்சு கிடையாது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வளவின் ஒரு மூலையில் மெத்தைகளையே சுவராக நிறுத்தி, மேலே ரஜாய்ப் போர்வையைக் கட்டி, கீழே இரண்டு விரித்து ஒரு கூடு செய்தேன். அந்த மாகாணத்திலேயே அவ்வளவு நிசப்தமான இடம் வேறு இருந்திருக்காது.

மாணிக்கம் ஓதுவார் குளித்து, நீறு பூசி, கைகூப்பிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தாட்டியான உடம்பு, குறும்பான கண். மெத்தைகளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"என்ன தம்பி, பாட வந்தவனைப் பிள்ளை பெத்தவ கணக்கா மெத்தைக்குள்ள வச்சு மூடுறீக. பத்தியச் சாப்பாடும் உண்டுமா?"

ஆச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஓதுவார் உள்ளே போய் மைக்குக்கு முன்னால் நின்று ஒத்திகைக்கு ஒரு வரி பாடினார். பாடிவிட்டுக் காதைத் தடவிக்கொண்டார். வாயைவிட்டுப் போன பாட்டுத் திரும்பி வரவே இல்லை, எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை என்றார். பழகிவிடும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

ஏஜெண்ட் காரைக்குடியிலிருந்து ஒரு ஆர்மோனியக்காரரையும் அழைத்து வந்திருந்தார். பக்கவாத்தியம் இல்லாத தட்டை யார் வாங்குவார்கள் என்பது அவர் கவலை. ஓதுவார் முகம் சுளித்தார், ஆனால் ஆச்சிக்காக ஒப்புக்கொண்டார். ஒரு பக்கத்தில் மூன்றே கால் நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. பதிகத்துக்கோ பத்துப் பதினொரு பாட்டு. அதில் கடைசிப் பாட்டை விட்டுவிட்டு ஓதுவார் வாயை மூட மாட்டார். அது வழக்கம். பாதியில் நிறுத்துவது சாமி முன்னால் தீபத்தைப் பாதியில் அணைப்பதுபோல என்றார். ஆகவே முதல் பாட்டு, கடைசிப் பாட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு, இழுப்பையும் அசைவையும் குறைத்து, ஆர்மோனியத்தின் கட்டைக்குத் தக்கபடி குரலை வைத்துப் பாடி முடித்தார். சொல் ஒவ்வொன்றும் பொறுக்கி எடுத்தாற்போல் விழுந்தது. காக்காய்ச் சத்தம் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை, எதிரொலி துளியும் இல்லை. சென்னை அலுவலகத்தில் பாராட்டினார்கள். ஏஜெண்ட் தம் கடையிலும் சில பிரதிகளை வைத்தார். பதிகம் புரிகிறது என்று பலர் கேட்டு வாங்கினார்கள். இதை நீங்கள் மறக்கக் கூடாது. அது கெட்ட பதிவு அல்ல.

அந்தத் தட்டைத்தான் பெரியவர் நிறுத்தச் சொன்னார்.

கடிதம் வந்த செய்தி அறிந்து ஏஜெண்டும் நானும் நாட்டரசன்கோட்டைக்குப் போனோம். பெரியவருக்கு நோயில் நினைவு தடுமாறியிருக்கும், ஓதுவார் குரலே மறந்திருக்கும் என்று ஏஜெண்ட் இதமாகச் சொல்லிப் பார்த்தார். மோல்மேனிலிருந்த தம்பிகளும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். ஆச்சி கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பச்சிக்குக் காலுதான் விழுந்திருக்கு. காது விழல."

ஏஜெண்ட் தண்ணீரைக் குடித்தார்.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைக் வருவதற்கு முன், பெரிய கொம்புக்குழலுக்குள் பாடிப் பதிந்த நாளில் நான் ஒருவரிடம் உதவியாளாக இருந்தேன். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். மதுரையில் ஒரு நாகசுரக்காரரைப் பதிந்தபோது ஒவ்வொரு முறையும் ஊசி துள்ளியது. அவ்வளவு சத்தம். மற்றவர்களாயிருந்தால் மெதுவாக வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். இவர் நாகசுரக்காரரைக் கொல்லைக்கு அனுப்பி, கதவைத் திறந்துவைத்து, குழலை உள்ளேயே வைத்துப் பதிந்தார். மெதுவாக வாசிக்கச் சொன்னால் என்ன என்று நான் கேட்டேன். கல்யாண வீட்டில் நாகசுரத்தை மடியில் வைத்துக்கொண்டா கேட்கிறோம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்திருந்தேன். ஆச்சி மடியில் கடிதத்தைச் செருகிய நேரத்தில் அது நினைவுக்கு வந்தது.

உங்கள் அப்பச்சி கோயிலில் எந்த இடத்தில் நின்று பதிகம் கேட்பார் என்று ஆச்சியைக் கேட்டேன். ஏஜெண்ட் என்னை விநோதமாகப் பார்த்தார். ஆச்சி சொன்னார்:

"கோயில்ல எங்குட்டு நின்னாரு? அவரு ஊருணியில இல்ல நிப்பாரு. விடிகாலையில குளிக்கப் போவாரு. இடுப்புத் தண்ணியில நிக்கிறப்ப உள்ள ஓதுவார் பாடுறது கேக்கும். பாட்டு முடியிற வரைக்கும் கரையேற மாட்டாரு. துண்டோட நான் படியில உக்காந்திருப்பேன், சின்னப் பிள்ளையில. குளிரும். வாங்க அப்பச்சின்னா, இருடீன்னு கையைக் காட்டுவாரு."

முதலிலிருந்தே கேட்பாரா என்றேன்.

"எங்க கேட்டாரு. போறப்பவே பாதி ஆயிருக்கும்."

மறுநாள் விடியலில் நான் அந்த ஊருணிக்குப் போனேன். தண்ணீருக்கு அப்பால் கோயில் மதில். உள்ளே ஓதுவார் பாடத் தொடங்கியிருந்தார். கருவறைக்கு முன் மண்டபத்தில் நின்று பாடும் குரல் கல்லிலெல்லாம் பட்டு, வாசல் வழியாக வெளியே வந்து, தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. ஒரு சொல்கூட எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. குரல் எழுகிறது, நிற்கிறது, அது அடங்குவதற்குள் அடுத்தது எழுகிறது. முன்னதன் கார்வையின் மேலேயே பின்னது ஏறி உட்காருகிறது. பக்கச் சுருதி எதுவும் தேவைப்படாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. மண்டபமே சுருதி போட்டது. ஓதுவார் தாம் அனுப்பிய குரல் திரும்பி வருவதைக் கேட்டு, அதற்கு இடம்விட்டு, அடுத்த அடியை எடுத்தார். மெத்தைக்குள் அவரை நிறுத்தியபோது அந்தத் துணை போய்விட்டது. பெரியவருக்கு நாங்கள் சொற்களை மட்டும் அனுப்பியிருந்தோம். அவர் ஆயுள் முழுக்கக் கேட்டதில் அவை இருக்கவே இல்லை.

இரண்டாம் பதிவு, இரண்டு மாதம் கழித்து, ஸ்ரீமுக வருஷம் சித்திரையில், அதே வளவில். அதற்குள் மோல்மேனிலிருந்து, அப்பச்சி இளைத்துவிட்டார், உணவு செல்லவில்லை என்று தந்தி வந்திருந்தது. மெழுகு கல்கத்தா பக்கத்து ஆலைக்குப் போய், அச்சாகி, கப்பலேறிப் போய்ச் சேர மாதக்கணக்காகும். ஆச்சி அதையெல்லாம் கேட்டுவிட்டு, சீக்கிரம் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். வந்த இடத்தில் எனக்கு வேறொரு சோதனை. சித்திரை வெயிலில், காரைக்குடிச் சாலையின் குலுக்கலில், பெட்டியிலிருந்த மெழுகுத் தட்டுகள் கீறியும் இளகியும் போயிருந்தன. பழுதில்லாதது ஒன்றே ஒன்று. சென்னையிலிருந்து வேறு வரவழைத்தால் அந்த மாதம் போய்விடும்.

மெழுகில் பதிந்ததைப் போட்டுக் கேட்டுப் பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. கேட்டால் தடம் அழிந்துவிடும். என்ன விழுந்தது என்பது அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். பதியும்போது காதுக் கருவியில் கேட்பது ஒன்றுதான் துணை. அந்தக் கருவியை நான் அன்று ஆச்சியிடம் கொடுத்தேன். எங்கள் வழக்கத்தில் இல்லாத காரியம். ஏஜெண்ட் என் காதருகே வந்து, வேலை தெரிந்தவர் நீங்களா அவுகளா என்று முணுமுணுத்தார். அந்தச் சத்தத்தைத் தெரிந்தவர் அவர்தான் என்றேன்.

மெத்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை. ஆர்மோனியக்காரரைக் கூப்பிடவில்லை. ஓதுவார், மைக்கைப் பார்த்து நிற்க முடியாது, சாமி வீட்டைப் பார்த்துத்தான் நிற்பேன் என்றார். முதல் பதிவின்போது அந்த டப்பாவைக் கும்பிட்டுப் பாடியதுபோல் ஆகிவிட்டது என்று அவருக்கு ஒரு குறை இருந்தது. நின்றுகொள்ளுங்கள் என்றேன். வளவின் ஒரு கோடியில் சாமி வீடு, அதாவது பூஜை அறை. அதைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மைக்கை முதலில் அவருக்குப் பின்னால் இரண்டு தூண் தள்ளி வைத்தேன். ஒத்திகை தொடங்கியது. ஆச்சி கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் அங்குட்டு."

தள்ளி வைத்தேன். மறுபடியும் அங்குட்டு என்றார். மறுபடியும் தள்ளினேன். வளவைத் தாண்டி எதிர்த் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டோம். இன்னும் தள்ளச் சொன்னார். அடுத்த கட்டின் வாசலுக்கே போய்விடும்.

இந்த இடத்தில்தான் நான் மறுத்தேன். தட்டுக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. ஊசி ஓடும்போது மழை பெய்வதுபோலக் கேட்கும். குரல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு அந்த மழைக்குள் மறையும். இனியும் தள்ளினால் மோல்மேனில் மழைதான் கேட்கும் என்றேன். ஆச்சி காதுக் கருவியைக் கழற்றி என் முகத்தைப் பார்த்தார். ஊருணியில் இன்னும் தூரமாகத்தான் கேட்கும் என்றார். தெரியும் ஆச்சி, ஆனால் ஊருணியில் ஊசி இல்லை என்றேன். சற்று யோசித்து, சரி, உங்கள் கையில் விடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். எதிர்த் தாழ்வாரத்து முதல் தூணோடு மைக்கை நிறுத்தினேன். அவர் கேட்டதும் அல்லாத, எனக்குக் கற்பித்ததும் அல்லாத ஓர் இடம் அது.

அடுத்த சிக்கல் ஒத்திகையிலேயே தெரிந்தது. சுவர்கள் குரலைத் திருப்பிக் கொடுத்ததும் ஓதுவார் தம் இயல்பான நடைக்கு வந்துவிட்டார். அடிக்கு அடி நிறுத்தினார். காத்திருந்தார். முதல் பாட்டே கடிகாரத்தைத் தின்றுவிட்டது. கடைசிப் பாட்டுக்கு இடமில்லை. ஏஜெண்ட் துரிதப்படுத்தச் சொன்னார். நான் ஓதுவாரிடம் கேட்டேன். அவர் வருத்தமாகச் சிரித்தார்.

"இங்க நின்னா வேகமா வரல தம்பி. சுவரு விடமாட்டேங்குது. வேணுமின்னா மெத்தையைக் கொண்டாங்க, ஓடுறேன்."

வேகமாகப் பாடினால் அது மீண்டும் பழைய தட்டு. மெதுவாகப் பாடிக் கடைசிப் பாட்டை விட்டால் ஓதுவார் இசையமாட்டார், பெரியவரும் பாட்டு முடியும் வரை கரையேறாதவர். இருப்பதோ ஒரு மெழுகு. வெயில் ஏற ஏற அதுவும் இளகும். அப்போது ஆச்சி முன்பு சொன்ன ஒன்று எனக்குக் கைகொடுத்தது. போகும்போதே பாதி ஆகியிருக்கும்.

ஓதுவாரை, கோயிலில் பாடுவதுபோல முதலிலிருந்தே பாடச் சொன்னேன். எங்களைப் பற்றி நினைக்கவே வேண்டாம், பதிவு தொடங்குவதைக் காட்டும் எங்கள் விளக்கையும் பார்க்க வேண்டாம் என்றேன். மெழுகின் மேல் ஊசியை நான் இன்னும் இறக்கவில்லை. அவர் பாட்டுக்குப் பாட்டு பாடிக்கொண்டு போனார். ஏஜெண்ட் என் கையையும் மெழுகையும் மாறி மாறிப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தார். கடைசிக்கு முந்திய பாட்டின் நடு அடியில் கார்வை எழுந்தபோது ஊசியை இறக்கினேன். தலைப்பும் தொடக்கமும் இல்லாமல், திறந்த கதவுக்குள் நுழைவதுபோல ஆரம்பிக்கும் தட்டு. எந்தக் கம்பெனியும் அதை விற்பனைக்கு ஏற்காது. கடைசிப் பாட்டு முழுதாக விழுந்தது. குரல் நின்ற பிறகும் தூண்களுக்கிடையில் அது அடங்கும்வரை ஊசியை எடுக்காமல் வைத்திருந்தேன். அந்த அமைதியில் ஓட்டு விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒரு காக்காய் இரண்டு முறை கத்தியது.

ஏஜெண்ட் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு. லேபிள்ல காக்கா பேரையும் போட்டுருவமா?"

ஆச்சி காதுக் கருவியைக் கழற்றவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. பிறகு ஓதுவார் அவர் பக்கம் வந்து, சரியாக இருந்ததா ஆச்சி என்று கேட்டார். ஆச்சி அவரை உட்காரச் சொல்லி மோர் கொண்டுவரப் போனார்.

தட்டு ஆடி மாதம் அச்சாயிற்று. கல்கத்தாவிலிருந்து ஒரு பிரதி நேராக மோல்மேனுக்குப் போனது. மற்றொன்று ஆச்சிக்கு வந்தது. சென்னையில் கேட்டவர்கள் கிணற்றுக்குள் பாடியதுபோல இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான்.

புரட்டாசியில் பெரியவர் காலமான செய்தி வந்தது. தம்பிகள் எழுதிய கடிதத்தில் கடைசி நாட்கள், வைத்தியம், காரியம் எல்லாம் இருந்தன. தட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு வந்த கடிதங்களில் கடைக் கணக்கும் பாகப் பேச்சும்தான் இருந்தன. ஆச்சி கேட்டு எழுதவும் இல்லை. எழுதினால் வராத பதிலையும் தாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

பவ வருஷம் தை மாதம், 1935இல், பெரியவருடைய டிரங்குப் பெட்டி ஊருக்கு வந்தது. அதில் எங்கள் தட்டுகள் இரண்டும் இருந்தன. ஆச்சி எனக்கு ஆள் விட்டார். நான் போனபோது இரண்டையும் வளவு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்திருந்தார்.

"தம்பி, தட்டைப் பாத்தாலே எத்தனை தடவை ஓடியிருக்குன்னு சொல்லிருவீகளாமே. ஏஜெண்ட் சொன்னாரு. பாத்துச் சொல்லுங்க."

சொல்ல முடியும். இரும்பு ஊசி ஓடினால் தட்டின் அரக்கு தேய்ந்து தடம் வெளிறும். குரல் உரத்த இடங்களில் முதலில் வெளிறும். முதல் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பில் ஒரு விரலகலம் மங்கியிருந்தது. அதற்குப் பின் ஆலையிலிருந்து வந்தபடியே கறுப்பாக மின்னியது. நிறுத்தச் சொன்ன இடம் அதிலேயே தெரிந்தது. இரண்டாவதைச் சாய்த்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருந்தது. கடைசிப் பாட்டு இருந்த உள்வட்டம் இன்னும் அதிகம். ஒருமுறை இருமுறை ஓடிய தட்டு அல்ல அது.

அதை ஆச்சியிடம் சொன்னேன். கூடவே இன்னொன்றையும் சொன்னேன். தட்டு எத்தனை முறை ஓடியது என்பது தடத்தில் தெரியும், யார் கேட்டார்கள் என்பது தெரியாது. புரட்டாசிக்கு முன்னா பின்னா என்பதும் தெரியாது.

ஆச்சி தட்டை வாங்கித் துணியில் சுற்றினார்.

"கடைப் பிள்ளைக நாடகப் பாட்டு வச்சுக் கேப்பாக. காக்கா கத்துற பதிகத்தை யாரு தேயத் தேயக் கேக்குறது?"

இவ்வளவுதான் விஷயம். இதிலிருந்து எதிரொலி நல்லது என்று ஒரு சட்டம் எழுதிக்கொள்ளாதீர்கள். இந்தக் கதையைக் கேட்ட ஒருவர் பிறகு ஒரு நாடகத்தையே பெரிய கூடத்தில் வைத்துப் பதிந்து, வசனம் ஒன்றும் விளங்காமல் செய்துவிட்டார். மெத்தைக்கும் வேலை உண்டு. பழைய பாட்டைப் பதியப் போகுமுன், அதைக் கேட்டவர்கள் எங்கே நின்று கேட்டார்கள் என்று விசாரியுங்கள். அவர்களில் ஒருவர் உயிரோடு இருந்தால் அவர் காதில் கருவியை மாட்டிவிடுங்கள். அவர் சொல்வதை முழுக்கவும் செய்ய முடியாது. எந்தத் தூணில் நிறுத்துவது என்பது உங்கள் பொறுப்பு.

இந்தக் குறிப்பில் ஒரு விஷயம் உறுதிப்படாமலே இருக்கிறது. இரண்டாம் தட்டு மோல்மேனுக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆதாரம் தேடினேன். கம்பெனியில் அனுப்பிய மாதம் தெரிகிறது, சேர்ந்த மாதம் தெரியவில்லை. அந்தக் கடையில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரைப் பின்னாளில் காரைக்குடியில் சந்தித்தேன். விடிகாலையில் மாடியில் கிராமபோன் பெட்டி பாடும், பதிகம்தான், காக்காய்ச் சத்தம்கூடக் கேட்கும், அது பெட்டியிலா வெளியிலா என்று சந்தேகமாக இருக்கும் என்றார். அப்போது பெரியவர் இருந்தாரா என்று கேட்டேன். மாடி அறையில்தான் அவர் இருந்தார், ஆனால் அவர் போன பிறகும் மகன்கள் அந்த அறையில் பெட்டி வைத்துக் கேட்டதுண்டு, எது எப்போது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது என்றார். ஆகவே பெரியவர் அந்தத் தட்டைக் கேட்டார் என்று நான் எங்கும் எழுதவில்லை. கேட்கவில்லை என்றும் எழுதவில்லை.